உடம்பின் கொழுப்பு: எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது

"உனக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு" என்று ஒருவரை ஏசினால் அது அவருடைய நிறையைப் பற்றிய பேச்சல்ல, வாயைப் பற்றிய பேச்சு. எங்கள் மொழியில் கொழுப்புக்கு இருக்கும் நற்பெயர் அவ்வளவுதான். வைத்தியரிடம் போனாலும் பெரும்பாலும் இதே கதை. கொழுப்பைக் குறையுங்கள், கொழுப்பில்லாத பால் வாங்குங்கள், இரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு, கொழுப்பு என்றால் உடம்பில் இருக்கவே கூடாத ஒரு குப்பை என்ற எண்ணம் எங்களில் பலருக்கு ஏற்பட்டுவிட்டது. இந்த எண்ணம் சரியானதல்ல என்பதோடு, நம்மவர்களைப் பொறுத்தவரை ஆபத்தானதும்கூட. ஏன் ஆபத்து என்பதைச் சொல்வதற்கு முன் கொழுப்பு என்பது உடம்பில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் கொழுப்பு என்ற ஒரே சொல்லை மூன்று பொருள்களுக்குப் பயன்படுத்துகிறோம். எண்ணெய், நெய், தேங்காய்ப்பால், இறைச்சி ஆகியவற்றில் இருப்பது உணவுக் கொழுப்பு. இரத்தப் பரிசோதனைத் தாளில் வைத்தியர் சுட்டிக்காட்டும் கொலஸ்திரோல் என்பது குருதியில் ஓடும் மெழுகு போன்ற ஒரு பொருள். மூன்றாவது, தோலின் கீழும் வயிற்றினுள்ளும் நாம் தூக்கித் திரிகின்ற கொழுப்பு. இந்த மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆனால் ஒன்று மற்றொன்று ஆகாது. நிறை குறைந்த மெல்லிய ஒருவருக்குக் கொலஸ்திரோல் கூடுதலாக இருக்கலாம். பருத்த ஒருவருக்கு அது சரியான அளவில் இருக்கலாம். இங்கே நாம் பேசப்போவது மூன்றாவதைப் பற்றி.

எலும்பின் உறவினர்

உடம்பில் உள்ள இழையங்களை நான்கு பெரிய குடும்பங்களாகப் பிரிப்பார்கள். மேற்பரப்புகளை மூடும் இழையம் ஒன்று, தசை ஒன்று, நரம்பு ஒன்று. நான்காவது தொடுப்பிழையம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதையே இணைப்புத் திசு என்று எழுதுவார்கள். பெயருக்கேற்றபடி உறுப்புகளை ஒன்றோடொன்று தொடுத்து, தாங்கி, இடைவெளிகளை நிரப்பி வைத்திருப்பதே இதன் வேலை. எலும்பும், மூக்கு நுனியிலும் மூட்டுகளிலும் உள்ள கசியிழையமும், தசையை எலும்போடு கட்டும் நாணும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குருதியையும் இதே குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். கொழுப்பும் இவர்களோடு பிறந்த ஒன்று.

எலும்பும் கொழுப்பும் எப்படி உறவாகும் என்று யோசிக்கத் தோன்றும். எலும்பு மச்சையில் (நாம் எலும்புக்குள் இருக்கும் மூளை என்று சொல்கிறோமே, அது) சில மூலக் கலங்கள் இருக்கின்றன. சுற்றிலும் கிடைக்கும் சமிக்ஞைகளைப் பொறுத்து அவை எலும்புக் கலமாக, கசியிழையக் கலமாக, அல்லது கொழுப்புக் கலமாக மாறக்கூடியவை. குழந்தை பிறக்கும்போது எலும்புக்குள் இருப்பது பெரும்பாலும் குருதி உற்பத்தி செய்யும் செம்மச்சை. வயது ஏற ஏற, கை கால்களின் நீண்ட எலும்புகளுக்குள் அது கொழுப்பு நிறைந்த மஞ்சள் மச்சையாக மாறிவிடுகிறது. எலும்புக்குள்ளேயே கொழுப்பு குடியிருக்கிறது என்றால் உறவு எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்த வைத்தியர்கள் இதை வேறு வழியில் கண்டிருந்தார்கள். அவர்கள் சொல்லும் உடற் தாதுக்கள் ஏழு. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை என்று வரும் அந்த வரிசையில் கொழுப்பு நான்காவது. குருதிக்கும் எலும்புக்கும் சமமாக அதற்கு ஓர் ஆசனம் கொடுத்திருக்கிறார்கள். நுணுக்குக்காட்டி இல்லாத காலத்துக் கணக்கு அது. இரண்டும் ஒரே விஞ்ஞானம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கொழுப்பைக் கழிவுப் பொருளாக அவர்கள் கருதவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

ஒரு கொழுப்புக் கலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மோதிரம் மாதிரித் தெரியும். நடுவில் பெரிய ஒரு எண்ணெய்த் துளி. அதைச் சுற்றி மெல்லிய விளிம்பு. கலத்தின் கரு அந்த விளிம்பில் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டு, மோதிரத்தில் பதித்த கல் போல இருக்கும். ஒரு கலத்தின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு. இப்படிப் பல கோடிக் கலங்கள் கொத்துக் கொத்தாக, மெல்லிய நார்களால் கட்டப்பட்டு, இடையிடையே நுண்ணிய குருதிக் குழாய்களும் நரம்புகளும் ஓட இருப்பதே கொழுப்பிழையம். கடையில் வாங்கும் மாஜரீன் கட்டி போல உயிரற்ற ஒன்றல்ல.

குதிக்காலிலும் கண்ணுக்குப் பின்னாலும்

இதன் வேலைகளில் எளிதில் விளங்குவது மெத்தை வேலை. நாம் நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் முழுப் பாரமும் குதிக்காலில் விழுகிறது. அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் இருப்பது கொழுப்பு மெத்தை. நார்ச் சுவர்களால் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறையிலும் கொழுப்பை அடைத்து வைத்திருப்பதால் மிதிக்கும்போது அது பக்கங்களுக்குப் பிதுங்கிப் போவதில்லை. வயதானவர்களுக்கு இந்த மெத்தை மெலிந்துபோகும். வெறுங்காலில் மரத்தரையில் நடக்க அப்பம்மா கஷ்டப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நல்ல மெத்தை வைத்த வீட்டுச் செருப்பு வாங்கிக் கொடுப்பது வீண் செலவல்ல.

கண் விழி அசைவதும் அதன் பின்னால் உள்ள கொழுப்புப் படுக்கையில்தான். கடும் நோயில் மெலிந்தவர்களின் கண் குழிவிழுந்து தெரிவது அந்தப் படுக்கை கரைவதால். சிறுநீரகங்களைச் சுற்றி ஒரு கொழுப்புறை உண்டு. கைக்குழந்தையின் கன்னம் உப்பியிருப்பதும் ஒரு தனிக் கொழுப்புத் திரளால்தான். பால் உறிஞ்சும்போது கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் அது தாங்குகிறது என்று கருதுகிறார்கள்.

பச்சைக் குழந்தைக்கு வேறொரு வகைக் கொழுப்பும் இருக்கிறது. அதற்குப் பழுப்புக் கொழுப்பு என்று பெயர். நாம் குளிரில் நடுங்கி உடம்பைச் சூடாக்குகிறோம். பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்க வராது. கழுத்தைச் சுற்றியும் தோள்பட்டைகளுக்கு இடையிலும் உள்ள இந்தக் கொழுப்பு தன்னைத்தானே எரித்து வெப்பம் தருகிறது. வளர்ந்தவர்களிடம் இது இல்லாமல் போய்விடும் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2009இல் வெளியான ஆய்வுகள் பெரியவர்கள் பலரிடமும் கழுத்தடியில் கொஞ்சம் மிஞ்சியிருப்பதை ஸ்கான் படங்களில் காட்டின. இதை வைத்து நிறை குறைக்கும் குளிசை விற்பவர்களை இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

களஞ்சியம்

நாம் சாப்பிடுவது அன்றைக்கே முழுதும் செலவாவதில்லை. மிச்சத்தை வைக்க உடம்பிடம் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஈரலிலும் தசைகளிலும் மாச்சத்துப் போன்ற ஒரு பொருளாகக் கொஞ்சம் வைக்கலாம். அது சுமார் அரைக் கிலோ. கலோரிக் கணக்கில் ஒரு நாள் சீவியத்துக்குப் போதும், அவ்வளவுதான். மற்றது கொழுப்பு. ஒரு கிராம் மாச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. அதோடு மாச்சத்தைச் சேமிக்கும்போது தன் நிறையைப் போல மூன்று மடங்களவு தண்ணீரையும் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. கொழுப்புக்கு அந்தச் சுமை இல்லை. 60 கிலோ நிறையுள்ள ஒருவரிடம் 12 கிலோ கொழுப்பு இருந்தால் அது ஏறத்தாழ 100,000 கலோரி. பஞ்ச காலத்தில் மனிதர் பல வாரங்கள் உயிர் தாங்கியது இந்தக் களஞ்சியத்தை நம்பித்தான்.

இங்கே முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். களஞ்சியத்துக்குள் போவது எண்ணெய் மட்டுமல்ல. எமது வீடுகளில் "நான் எண்ணெய்ச் சாப்பாடு தொடுவதே இல்லை, எப்படிக் கொழுப்பு வந்தது?" என்று கேட்பவர்கள் நிறைய. தேவைக்கு மேல் சாப்பிட்ட சோறும், புட்டும், இடியப்பமும், தேத்தண்ணிக்குப் போட்ட சீனியும், பழச்சாறும் இரண்டு வழிகளில் கொழுப்பைக் கூட்டுகின்றன. ஈரல் அவற்றில் ஒரு பகுதியைக் கொழுப்பாகவே மாற்றுகிறது. அத்துடன் உடம்பு அந்தச் சீனியை முதலில் எரித்துக்கொண்டு, ஏற்கெனவே வைத்திருக்கும் கொழுப்பைத் தொடாமல் விட்டுவிடுகிறது.

களஞ்சியம் பேசாமல் கிடப்பதும் இல்லை. 1994இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிறீட்மனும் அவரது குழுவினரும் லெப்ரின் என்ற ஓமோனுக்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இந்த ஓமோனைச் சுரப்பது கொழுப்புக் கலங்களே. "களஞ்சியத்தில் போதிய அளவு இருக்கிறது, பசியை அடக்கு" என்று அவை மூளைக்கு அனுப்பும் தகவல் இது. இது எவ்வளவு பெரிய விடயம் என்பதை இங்கிலாந்தில் கேம்பிறிட்ஜ் ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். மிக நெருங்கிய உறவுத் திருமணம் செய்த குடும்பம் ஒன்றில் பிறந்த இரு பிள்ளைகளுக்கு லெப்ரின் சுரக்கவே இல்லை. எட்டு வயதுப் பெண்பிள்ளைக்கு 86 கிலோ. இரண்டு வயதுப் பையனுக்கு 29 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. மூளைக்குத் தகவல் போகாததால், அவர்கள் பட்டினி கிடப்பதாகவே மூளை நினைத்துக்கொண்டிருந்தது. பிறகு லெப்ரினை ஊசியாகக் கொடுத்தபோது அந்தப் பெண்பிள்ளை ஒரு வருடத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள்.

உடனே "அந்த ஊசி எங்கே கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். இந்தக் குறைபாடு உலகத்திலேயே மிக அரிது. சாதாரணமாகப் பருத்தவர்களிடம் லெப்ரின் நிறையவே இருக்கிறது. மூளை அதற்குக் காது கொடுப்பதில்லை என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து அயலவர்கள் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். பிறந்தநாள் விழாக்களில் பருத்த பிள்ளைகளைப் பகிடி பண்ணும் மாமன்மாரும் மாமிமாரும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் இது.

பெண்களின் உடம்பில் கொழுப்பிழையத்துக்கு இன்னும் ஒரு பங்கு உண்டு. அது ஈஸ்ற்றஜன் என்ற பெண் ஓமோனை உண்டாக்குகிறது. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் இந்த ஓமோன் கிடைக்கும் முக்கிய இடமே கொழுப்பிழையம்தான். அந்த வயதில் கொழுப்பு மிகக் கூடினால் மார்பகப் புற்றுநோயும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு ஏறுவதற்கு இது ஒரு காரணம். மறுபக்கம், இளம் பெண்கள் அளவுக்கு மிஞ்சி மெலிந்தால் மாதவிடாயே நின்றுவிடும். பெண்பிள்ளை மெலிந்துகொண்டே போகிறாள், சாப்பாட்டு மேசைக்கு வருவதைத் தவிர்க்கிறாள் என்றால் அதைப் பெருமையாக எடுக்காமல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

களஞ்சியம் நிரம்பினால்

இனி ஆபத்து என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வருவோம்.

பிறவியிலேயே கொழுப்பிழையம் இல்லாமல், அல்லது இடையில் அதை இழந்து வாழும் சிலர் இருக்கிறார்கள். தோலின் கீழ்க் கொழுப்பே இல்லாமல் தசை முறுக்கேறித் தெரியும். கொழுப்புக் குப்பை என்றால் இவர்கள் மிகச் சுகதேகிகளாக இருக்க வேண்டும். ஆனால் இவர்களுக்குக் கடுமையான நீரிழிவு வருகிறது. ஈரலில் கொழுப்புப் படிகிறது. குருதியில் கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறுகிறது. காரணம் எளிமையானது. சாப்பாட்டில் மிஞ்சுவதை வைக்க இவர்களுக்கு முறையான இடம் இல்லை. ஆகவே அது வைக்கக்கூடாத இடங்களுக்குப் போய்விடுகிறது.

இதே சங்கதி சற்று மெதுவாக எங்கள் பலருக்குள்ளும் நடக்கிறது. தோலின் கீழ், குறிப்பாக இடுப்பிலும் தொடையிலும் இருக்கும் கொழுப்பு ஓரளவு பாதுகாப்பான களஞ்சியம். அங்குள்ள கலங்கள் முட்டிவிட்டால் மேலதிகமானது வயிற்றினுள் குடலைச் சுற்றியும், ஈரலுக்குள்ளும், சதையி என்ற இன்சுலின் சுரப்பிக்குள்ளும் சேரத் தொடங்கும். குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பமிலங்கள் ஒரு நாளத்தின் வழியாக நேரே ஈரலுக்குப் போகின்றன. கொழுப்பேறிய ஈரல் இன்சுலினின் சொல்லைக் கேளாமல் இரவு பகலாகக் குருதிக்குள் சீனியை விடுகிறது. சதையி அதைச் சமாளிக்க ஓடியோடிக் களைத்துப்போகிறது. சீனி வருத்தம் என்று நாம் சொல்லும் இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

களஞ்சியத்தின் கொள்ளளவு எல்லோருக்கும் ஒன்றல்ல. தென்னாசியரான எங்களுக்கு அது சிறியது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. 2004இல் லான்செற் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. பூனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக், லண்டன் பேராசிரியர் ஜோன் யுட்கின் ஆகிய இருவரும் அதில் பக்கம் பக்கமாக நிற்கிறார்கள். நிறையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. வழக்கமான அட்டவணைப்படி இருவரும் சரியான நிறை. ஆனால் ஸ்கான் செய்தபோது லண்டன்காரரின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். பூனேக்காரரின் உடம்பில் 21.2 சதவீதம்.

அதே யாஜ்னிக்கும் சகாக்களும் பூனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ரனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். சராசரி நிறை அங்கே 2.7 கிலோ, இங்கே 3.5 கிலோ. பூனேக் குழந்தைகளின் தசையும் வயிற்றுறுப்புகளும் சிறியவை. ஆனால் முதுகுப்புறத் தோலின் கீழ்க் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறைந்திருக்கவில்லை. மெலிந்த உடம்பு, அதற்குள் கொழுப்பு. பிறக்கும்போதே இந்த அமைப்பு தொடங்கிவிடுகிறது.

இங்கிலாந்தில் பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. வெள்ளையர் ஒருவர் பி.எம்.ஐ. 30இல் சந்திக்கும் அதே நீரிழிவு ஆபத்தைத் தென்னாசியர் 23.9இலேயே சந்திக்கிறார் என்பது அதன் முடிவு. சங்கத்து நிகழ்ச்சிகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "தம்பி, நான் மெலிஞ்ச ஆள், எனக்கென்ன வருத்தம் வரப்போகுது? வண்டி மட்டும் கொஞ்சம் வைச்சிருக்கு." இந்த "வண்டி மட்டும்" என்பதுதான் கவனிக்க வேண்டியது. மெல்லிய கையும் காலும், முன்னால் தள்ளிய வயிறும் உள்ள ஒருவர், உடம்பெல்லாம் சீராகப் பருத்த ஒருவரைவிடக் கூடிய ஆபத்தில் இருக்கக்கூடும்.

கொழுப்புக் கரைந்து எங்கே போகிறது?

நிறை குறைந்தால் கொழுப்புக் கலங்கள் சாவதில்லை. சுருங்குகின்றன. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2008இல் இதை வெளிப்படுத்திய விதம் விசித்திரமானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன் மனித உடம்பிலும் புகுந்திருந்தது. அதன் அளவை வைத்துக் கலங்களின் வயதைக் கணித்தார்கள். வருடத்துக்குப் பத்து சதவீதக் கொழுப்புக் கலங்கள் இறக்க, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. மொத்த எண்ணிக்கை பிள்ளைப் பருவத்திலும் பதின்ம வயதிலும் நிர்ணயமாகிவிட்டு, பிறகு பெரும்பாலும் மாறுவதில்லை. குறைத்த நிறை இவ்வளவு சுலபமாகத் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். சுருங்கிய கலங்கள் காத்துக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளின் சாப்பாட்டிலும் ஓடியாடி விளையாடுவதிலும் அக்கறை காட்டச் சொல்வதும் இதனால்தான்.

சரி, சுருங்கும்போது உள்ளே இருந்த கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையாக ஓடுகிறது, மலத்தோடு போகிறது, தசையாக மாறுகிறது என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். 2014இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சு வழியே வெளியேறுகிறது. மிச்சம் 1.6 கிலோ தண்ணீர். இதைக் கேட்டு, உட்கார்ந்தபடியே வேகமாக மூச்சு விட்டால் போதும் என்று நினைக்கக்கூடாது. தலைசுற்றும். தசை வேலை செய்தால்தான் கொழுப்பு எரியும். வயிற்றில் கட்டும் அதிர்வுப் பட்டியும், வியர்க்க வைக்கும் பொலித்தீன் உறையும் எடுப்பது தண்ணீரை மட்டும்.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சத்திரசிகிச்சை பற்றியும் சிலர் விசாரிக்கிறார்கள். 2004இல் அமெரிக்காவில் 15 பெண்களுக்குத் தோலின் கீழிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை இவ்விதம் எடுத்துவிட்டுச் சோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் திறனிலோ, பிரஷரிலோ, கொலஸ்திரோலிலோ முன்னேற்றம் எதுவும் இல்லை. எடுத்தது பாதுகாப்பான களஞ்சியத்திலிருந்து. ஈரலிலும் குடலைச் சுற்றியும் இருந்தது அப்படியே இருந்தது.

அந்த உள்ளிடத்துக் கொழுப்பு சாப்பாட்டைக் குறைத்து உடம்பை அசைத்தால் ஒப்பீட்டளவில் விரைவாகக் குறையும் என்பது நல்ல செய்தி. தினமும் வேகமாக நடப்பவர்களுக்குத் தராசு எண் அசையாத நாட்களிலும் ஈரல் கொழுப்பும் வயிற்றுக் கொழுப்பும் இறங்குவதைக் கண்டிருக்கிறார்கள். ஸ்கொட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2017இல் வந்தது. நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள் சில மாதங்கள் ஒரு நாளைக்கு 850 கலோரிக்கு உட்பட்ட சூப்பும் பானமும் மட்டும் எடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதமானோருக்கு நீரிழிவுக் குளிசை இல்லாமலே சீனி அளவு நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்திருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் இது 86 சதவீதம். ஈரலும் சதையியும் கொழுப்பிலிருந்து விடுபட்டதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பங்குபற்றியவர்கள் அநேகமாக எல்லோரும் வெள்ளையர், எம்மைவிடப் பருத்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை இப்போது இதைப் போன்ற ஒரு திட்டத்தை நடத்துகிறது. மற்றவர்களுக்கு பி.எம்.ஐ. 27 என்று வைத்திருக்கும் எல்லையைத் தென்னாசியருக்கு 25 ஆகக் குறைத்திருக்கிறார்கள். விரும்புபவர்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாங்களாக இப்படிப் பட்டினி கிடக்க வேண்டாம். சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

அளவுநாடாவை எடுங்கள்

தராசைவிட, தையற்பெட்டியில் கிடக்கும் அளவுநாடா இதற்கு உதவும். விலா எலும்பின் கடைசி விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில், சட்டைக்கு மேலாக அல்லாமல் தோலோடு, நாடாவைச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டுவிட்டு அளவுங்கள். வயிற்றை எக்கிப் பிடித்தால் ஏமாறுவது நாமே. காற்சட்டையில் போட்டிருக்கும் அளவை நம்ப வேண்டாம். எங்கள் ஆண்கள் பலர் அதை வயிற்றுக்குக் கீழே கட்டிக்கொண்டு இருபது வருடமாக ஒரே அளவு என்று சொல்வார்கள்.

தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர். இந்த அளவை எட்டினாலே கவனம் தேவை. இதைவிட எளிய கணக்கும் உண்டு. இடுப்பின் அளவு உயரத்தின் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டி 2022இலிருந்து சொல்கிறது. 160 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 80க்குக் கீழ், 170 உயரமானவருக்கு 85க்குக் கீழ். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இந்தப் பாதிக் கணக்கைப் பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது.

அளவு கூடியிருந்தால் ஈரல் பரிசோதனையையும் மூன்று மாதச் சராசரிச் சீனிப் பரிசோதனையையும் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். ஈரலில் கொழுப்பு ஏறுவது பெரும்பாலும் நோவோ உபாதையோ காட்டாது. மது எடுப்பவர்களுக்கு அது இரட்டைச் சுமை. வீட்டில் சோற்றுக் கோப்பையின் அளவைக் குறைத்து, அந்த இடத்தை மரக்கறியாலும் பருப்பாலும் மீனாலும் நிரப்புவது பலருக்கும் நல்ல தொடக்கம். தசையும் வேண்டும். தசை குறைந்தால் மிஞ்சும் சீனிக்குப் போக்கிடம் குறைகிறது. ஆகவே நடையோடு, வாரத்தில் இரண்டு நாளாவது படியேறுதல், கதிரையில் இருந்து கைப்பிடிக்காமல் எழும்பி உட்காருதல், கொஞ்சம் பாரம் தூக்குதல் என்று ஏதாவது செய்யுங்கள்.

வீட்டில் எழுபது கடந்த பெரியவர்கள் இருந்தால் அவர்களை நிறை குறைக்கச் சொல்லித் துரத்த வேண்டாம். அந்த வயதில் நிறையோடு தசையும் எலும்புப் பலமும் போய்விடும். கொஞ்சம் சதைப்பிடிப்பு இருப்பவருக்கு விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் அபாயம் குறைவு. அவர்கள் முயற்சி எதுவும் செய்யாமல் சில மாதங்களில் உடுப்புகள் தளர்ந்து தொங்கத் தொடங்கினால், "நல்லா மெலிஞ்சிட்டியள்" என்று பாராட்டாமல் அந்த வாரமே வைத்தியரிடம் நேரம் எடுத்துவிடுங்கள்.